ஒரே ஆன்டெனாவை வைத்து வீட்டில் நாலு டிவி பார்ப்பது எப்படி?

கூரையில் ஒரு ஆன்டெனா நிற்கிறது, கூடத்து டிவியில் படம் தெளிவாக வருகிறது. இப்போது படுக்கையறையிலும் மாடி அறையிலும் டிவி வைக்க வேண்டும். இதற்காக ஒவ்வொரு டிவிக்கும் தனி ஆன்டெனா நட வேண்டியதில்லை. சிக்னலைப் பல வழியாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்று, தேவையான நீளத்துக்குக் கேபிள், நாலைந்து கனெக்டர் இருந்தால் போதும். கேபிளைச் சுவரோரம் இழுப்பதுதான் நேரம் பிடிக்கும் வேலை. இணைப்பது அரை மணி நேரம்.

பலருக்கும் முதலில் வருகிற சந்தேகம், எல்லா டிவியிலும் ஒரே சேனல்தான் ஓடுமோ என்பது. அப்படி இல்லை. ஆன்டெனா கேபிளில் எல்லாச் சேனல்களும் ஒன்றாகவே வருகின்றன. எதைப் பார்ப்பது என்பதை அந்தந்த டிவிக்குள் இருக்கும் டியூனர் முடிவு செய்கிறது. அதனால் ஒரு அறையில் செய்தி, இன்னொரு அறையில் கிரிக்கெட் என்று தாராளமாகப் பார்க்கலாம்.

புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு ஒன்று உண்டு. பிரித்தால் சிக்னல் குறையும் என்று கேள்விப்பட்டதும் கடையில் முதலில் கேட்பது சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர். அது தேவையா இல்லையா என்று பார்க்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. அதைச் செய்யாமல் பூஸ்டர் வாங்காதீர்கள். அந்தச் சோதனைக்கு முன், சிக்னல் எங்கே எவ்வளவு குறைகிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

பிரித்தால் எவ்வளவு குறையும்?

ஸ்ப்ளிட்டர் புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. வந்த சிக்னலைப் பங்கு போடுகிறது, அவ்வளவுதான். இந்தக் கணக்கை டெசிபலில் சொல்வார்கள். 3 டெசிபல் குறைந்தால் சக்தி பாதியாகிவிட்டது என்று பொருள். 10 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். டெசிபலில் ஒரு வசதி என்னவென்றால், பெருக்கல் வகுத்தல் எதுவும் வேண்டாம். வழியில் ஏற்படும் இழப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் போதும்.

இரண்டு வழி ஸ்ப்ளிட்டரில் ஒவ்வொரு வாயிலுக்கும் சுமார் 3.5 டெசிபல் போய்விடும். சரிபாதியாகப் பிரிப்பதற்கு 3, உள்ளே வீணாவது மீதி. நாலு வழியில் சுமார் 7, எட்டு வழியில் 11 வரை. மூன்று வழி ஸ்ப்ளிட்டரில் மட்டும் கவனம் வேண்டும். சிலவற்றில் மூன்று வாயிலுக்கும் சமமாக 5.5 டெசிபல் அளவில் குறையும். வேறு சிலவற்றில் ஒரு வாயிலில் 3.5, மற்ற இரண்டில் 7 என்று இருக்கும். ஒவ்வொரு வாயிலின் பக்கத்திலும் எண் அச்சிட்டிருப்பார்கள், பாருங்கள். இரண்டாவது வகையும் பயனுள்ளதுதான். நீளமான கேபிள் போகிற அறைக்கு அந்த 3.5 வாயிலைக் கொடுத்துவிடலாம்.

கேபிளிலும் இழப்பு உண்டு. ஆர்ஜி-6 என்கிற கோஆக்சியல் கேபிளில் யுஎச்எஃப் என்கிற உயர் டிவி அலைவரிசையின் மேல் பகுதியில் 30 மீட்டருக்கு ஐந்து முதல் ஆறு டெசிபல் வரை குறையும். பழைய வீடுகளில் ஓடும் மெல்லிய ஆர்ஜி-59 கேபிளில் இன்னும் கூடுதலாகப் போகும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆன்டெனாவிலிருந்து ஸ்ப்ளிட்டர் வரை 20 மீட்டர் ஆர்ஜி-6, அதில் 3.5. நாலு வழி ஸ்ப்ளிட்டரில் 7. அங்கிருந்து மாடி அறைக்கு 15 மீட்டர், அதில் 2.5. மொத்தம் 13 டெசிபல். அதாவது ஆன்டெனா பிடித்ததில் இருபதில் ஒரு பங்குதான் அந்த டிவிக்குப் போய்ச் சேருகிறது.

இதைக் கேட்டு மலைக்க வேண்டாம். டிவி டியூனர்கள் மிகச் சிறிய சிக்னலையும் பிடிக்கும்படி செய்யப்பட்டவை. ஒளிபரப்புக் கோபுரம் அருகில் இருந்து, ஆன்டெனாவும் நல்ல உயரத்தில் சரியான திசையில் நின்றால், இருபதில் ஒரு பங்கே தாராளம். கோபுரம் தொலைவில் இருந்தால்தான் ஒவ்வொரு டெசிபலையும் எண்ணிச் செலவு செய்ய வேண்டும்.

படம் நன்றாக இருப்பதை வைத்து மட்டும் சிக்னல் கைவசம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லவும் முடியாது. அனலாக் காலத்தில் சிக்னல் குறையக் குறையத் திரையில் புள்ளி புள்ளியாகப் பனி கொட்டும், குறைவது கண்ணுக்கே தெரியும். டிஜிட்டலில் அப்படி இல்லை. தேவையான அளவுக்கு ஒரு நூல் மேலே இருந்தாலும் படம் பளிச்சென்று இருக்கும். ஒரு நூல் கீழே இறங்கினால் படம் கட்டம் கட்டமாக உடையும், குரல் விக்கும், அப்புறம் திரையே கறுத்துவிடும். கூடத்து டிவி இப்போது மேலே ஒரு நூலில் நிற்கிறதா, ஒரு முழத்தில் நிற்கிறதா? இதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

கேபிள் இழுக்கும் முன் ஒரு சோதனை

எத்தனை டிவிக்குப் பிரிக்கப் போகிறீர்களோ அதற்கான ஸ்ப்ளிட்டரை மட்டும் முதலில் வாங்குங்கள், கூடவே ஒரு மீட்டர் கேபிள் ஒன்று. வேறெதுவும் இப்போது வேண்டாம்.

டிவியின் மெனுவில் சேனல் அமைப்பு அல்லது சிக்னல் தகவல் என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் சிக்னல் வலிமை, சிக்னல் தரம் என இரண்டு அளவுகள் காட்டும். ஒவ்வொரு சேனலாகப் போய் இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டில் தரம்தான் முக்கியம். வலிமை நிறைய இருந்தும் தரம் குறைந்தால் படம் உடையும். எழுதிய தாளில் தரம் எல்லாவற்றையும்விடக் குறைவாக உள்ள சேனலுக்கு ஒரு வட்டம் போடுங்கள். இனி எந்த முடிவும் அந்தச் சேனலை வைத்துத்தான்.

இப்போது டிவியின் பின்னால் இருக்கும் ஆன்டெனா கேபிளைக் கழற்றி ஸ்ப்ளிட்டரின் இன் என்ற வாயிலில் மாட்டுங்கள். ஏதாவது ஒரு அவுட் வாயிலிலிருந்து அந்த ஒரு மீட்டர் கேபிளை டிவிக்குக் கொடுங்கள். மற்ற டிவிகள் இன்னும் இல்லாவிட்டாலும், அவற்றுக்கான பங்கு இப்போதே கழிந்துவிட்டது. வட்டம் போட்ட சேனலை வைத்து அரை மணி நேரம் பாருங்கள். உடையாமல் ஓடினால் உங்கள் வீட்டுக்கு அநேகமாகப் பூஸ்டர் தேவைப்படாது. இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? அந்த ஸ்ப்ளிட்டருக்குப் பின்னால் ஒரு இரண்டு வழி ஸ்ப்ளிட்டரையும் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் ஓடினால் இன்னொரு 3.5 டெசிபல் உங்கள் கையில் மிச்சம் இருக்கிறது. நீளமான கேபிளுக்கும் மழை நாளுக்கும் அது போதும்.

பூஸ்டர் தேவைப்படுமோ என்று எனக்குச் சந்தேகம் வந்த வீடுகளில் பாதிக்கு மேல் இந்தச் சோதனையிலேயே முடிந்துவிட்டன. ஆன்டெனாவைக் கொஞ்சம் திருப்பியதும், கூரையில் துருப்பிடித்திருந்த ஒரு கனெக்டரை மாற்றியதும் சரியாகிவிட்டது.

என்னென்ன வாங்க வேண்டும்?

ஸ்ப்ளிட்டரின் மேல் 5–1000 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தால் சரி. டிவி ஒளிபரப்பின் யுஎச்எஃப், அதைவிடத் தாழ்ந்த விஎச்எஃப் இரண்டும் அதற்குள் அடங்கிவிடும். எத்தனை டிவியோ அத்தனை வாயில் மட்டும் போதும். பின்னால் தேவைப்படலாம் என்று எட்டு வழி வாங்கி மூன்றை மட்டும் பயன்படுத்தினால், மீதி ஐந்து வாயிலுக்கும் சிக்னல் பங்கு போய்க்கொண்டேதான் இருக்கும். வெறும் வாயில்தானே, பங்கு கேட்காது என்று நினைத்துவிடாதீர்கள்.

அப்படியும் ஒரு வாயில் மிச்சமானால் அதில் 75 ஓம் டெர்மினேட்டர் என்கிற மூடி ஒன்றைத் திருகிவிடுங்கள். திறந்த வாயிலில் மோதும் சிக்னல் திரும்பி வரும். நல்ல ஸ்ப்ளிட்டரில் இதனால் பெரிய பாதிப்பு இருக்காது என்றாலும், விரல் நுனி அளவுள்ள அந்த மூடி அந்தச் சந்தேகத்தையே போக்கிவிடும்.

கேபிள் ஆர்ஜி-6 ஆக இருக்கட்டும். வெயிலில் ஓடும் பகுதிக்கு வெளிப்புறக் கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். கனெக்டரில் திருகிச் செருகும் வகை, நசுக்கிப் பொருத்தும் கிரிம்ப் வகை, அமுக்கிப் பொருத்தும் கம்ப்ரெஷன் வகை என மூன்று உண்டு. கம்ப்ரெஷன் வகைக்கென்று ஒரு கருவி வேண்டும். ஒரே ஒரு முறை செய்யப் போகும் வேலையாக இருந்தாலும் அதைத்தான் பரிந்துரைப்பேன். கையால் திருகும் வகை நாளடைவில் தளர்ந்துவிடும். டிவியின் சாக்கெட் நாட்டுக்கு நாடு வேறுபடும். சிலவற்றில் திருகு மரை உள்ள எஃப் சாக்கெட், சிலவற்றில் அழுத்திச் செருகும் பின். ஸ்ப்ளிட்டரில் எஃப் இருந்து டிவியில் பின் வகை இருந்தால், இடையில் ஒரு சின்ன மாற்றி போட்டுக்கொள்ளலாம்.

பழைய ஆன்டெனாவிலிருந்து இரட்டைக் கம்பியாகத் தட்டையான வயர் இறங்குகிறதா? அது 300 ஓம் வயர். அதை ஆன்டெனாவிலேயே பலூன் (balun) என்கிற சிறு மாற்றியில் இணைத்து, அங்கிருந்தே 75 ஓம் கோஆக்சியலாக மாற்றிவிடுங்கள்.

கேபிளின் தோலைச் சீவி இரண்டு மூன்று வயரை முறுக்கி டேப் சுற்றிவிடலாமே என்று தோன்றும். விளக்குக்கு வயரிங் செய்கிற பழக்கம் அது. ஆன்டெனாவில் எடுபடாது. முறுக்கிய இடத்தில் 75 ஓம் என்ற பொருத்தம் குலைந்து, சிக்னல் முன்னும் பின்னும் எதிரொலித்துத் தன்னையே கெடுத்துக்கொள்ளும். சில சேனல் நன்றாக வரும், சிலது அடியோடு காணாமல் போகும். காரணமும் பிடிபடாது.

கேபிள் முனையைச் செய்வது

இந்த வேலை முழுவதிலும் நிதானம் வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

கேபிள் முனையில் கறுப்புத் தோலைச் சுமார் 12 மில்லிமீட்டர் நீக்குங்கள். உள்ளே மெல்லிய கம்பிப் பின்னல் தெரியும். அதை அப்படியே பின்பக்கமாக மடித்துத் தோலின் மேல் படிய விடுங்கள். அதற்குள் வெள்ளைப் பஞ்சு போன்ற காப்பு, அதன் மேல் ஒட்டிய வெள்ளித்தாள். நுனியில் 6 மில்லிமீட்டருக்கு இரண்டையும் சேர்த்து வெட்டினால் நடுக்கம்பி வெளியே வரும். மீதி 6 மில்லிமீட்டர் வெள்ளைக் காப்பு அப்படியே இருக்க வேண்டும். கத்தி நடுக்கம்பியில் கீறல் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீறிய இடத்தில்தான் அது ஒருநாள் முறியும். இதற்கென்றே உள்ள உரிப்பான் கருவியில் இரண்டு வெட்டும் ஒரே சுற்றில் விழுந்துவிடும்.

கனெக்டரைச் செருகும்போது அதன் உட்குழாய் வெள்ளித்தாளுக்கும் பின்னலுக்கும் இடையில் போக வேண்டும். வெள்ளைக் காப்பு கனெக்டரின் உள்தரையோடு சமமாக வந்து நிற்கும்வரை அழுத்துங்கள். நடுக்கம்பி கனெக்டர் விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் போதும். அப்புறம் கருவியால் அமுக்கிவிடலாம்.

அமுக்குவதற்கு முன் கனெக்டர் வாயை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். பின்னலிலிருந்து பிரிந்த ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டால் போதும், அந்த வழி மொத்தமும் போய்விடும். உறவினர் வீடு ஒன்றில் மாடி டிவி மட்டும் எடுக்கவே இல்லை. கேபிளை மாற்றி, ஸ்ப்ளிட்டரை மாற்றி, பூஸ்டர்கூடப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். கடைசியில் கனெக்டரைப் பிரித்தபோது தலைமுடியைவிட மெல்லிய செம்பிழை ஒன்று உள்ளே குறுக்கே கிடந்தது. அதை எடுத்துவிட்டு மறுபடி மாட்டியதும் எல்லாச் சேனலும் வந்துவிட்டன. அன்றிலிருந்து கனெக்டர் வாயைப் பார்க்காமல் நான் எதையும் மாட்டுவதில்லை.

இணைக்கும் வரிசை

கூரையில் ஏறுவதற்கு முன் ஒரு வார்த்தை. ஆன்டெனாக் கம்பம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில்தான் எப்போதும் வேலை செய்ய வேண்டும். மேகம் கறுக்கும்போது மேலே போகவே கூடாது. கம்பத்தையும், கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கேபிளின் பின்னலையும், வீட்டின் எர்த்தோடு இணைக்க வேண்டும். இதற்கென்று எர்த் பிளாக் என்ற சிறு உலோகத் துண்டு கிடைக்கிறது. எர்த் வேலை பழக்கமில்லை என்றால் அதை மட்டும் எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

வரிசை இதுதான்: ஆன்டெனா, எர்த் பிளாக், ஸ்ப்ளிட்டர், அங்கிருந்து ஒவ்வொரு டிவிக்கும் தனித்தனிக் கேபிள். ஒரு டிவியிலிருந்து அடுத்த டிவிக்குச் சங்கிலி போல இழுக்க வேண்டாம். ஒரே இடத்திலிருந்து கிளைகளாகப் பிரித்தால்தான் எல்லாருக்கும் சமமாகப் போகும். பின்னால் ஒரு டிவியில் கோளாறு வந்தாலும் மற்றவற்றைத் தொடாமல் பார்க்கலாம். ஸ்ப்ளிட்டரை நனையாத இடத்தில், எல்லா அறைக்கும் நடுவாக, கை எட்டும்படி வையுங்கள். ஒவ்வொரு கேபிளின் நுனியிலும் எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டிவிடுங்கள். ஒரு வருஷம் கழித்து நினைவிருக்காது.

கேபிளை மூலையில் சுள்ளென்று ஒடித்து மடக்கக் கூடாது, வளைத்துத்தான் திருப்ப வேண்டும். ஆணி அடிக்கும் கிளிப் கேபிளை நசுக்காதபடி இருக்கட்டும். வெளியிலிருந்து சுவருக்குள் நுழையும் முன் கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டு மேலே ஏற்றிவிட்டால், மழைநீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிப் போய்விடும், உள்ளே வராது.

எல்லாம் மாட்டி முடித்ததும் ஒவ்வொரு டிவியிலும் சேனல் தேடலை ஒருமுறை ஓட்டுங்கள். வட்டம் போட்ட சேனலின் தரத்தை அறை அறையாகப் பார்த்து முதல் தாளோடு ஒப்பிடுங்கள். டிஜிட்டல் டியூனர் இல்லாத பழைய டிவியாக இருந்தால் கேபிள் முதலில் செட் டாப் பாக்ஸுக்குப் போகும், அங்கிருந்து டிவிக்கு.

பூஸ்டர் உண்மையிலேயே தேவைப்பட்டால்

சோதனையில் அந்தச் சேனல் உடைந்ததா? முதலில் ஆன்டெனாவின் திசையையும் உயரத்தையும் சரிபாருங்கள், பழைய கேபிளை மாற்றுங்கள். அதன் பிறகும் போதவில்லை என்றால்தான் பூஸ்டர்.

பூஸ்டரை வைக்கும் இடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அது நல்லதை மட்டும் பொறுக்கியெடுத்துப் பெருக்காது. இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும், தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலையும் சேர்க்கும். தூரத்தில் ஒருவர் மெதுவாகப் பேசுகிறார் என்றால், அவர் பக்கத்தில் நிற்பவர் கேட்டு உரக்கச் சொன்னால்தான் நமக்குப் புரியும். நம் பக்கத்தில் நிற்பவருக்கே அரைகுறையாகக் கேட்டது என்றால், அவர் எவ்வளவு கத்தினாலும் அரைகுறைதான். சிக்னலும் அப்படியே. ஆன்டெனா பிடிப்பதே குறைவு என்றால் கம்பத்திலேயே, ஆன்டெனாவின் அடியில் பூஸ்டர் வேண்டும். ஆன்டெனாவில் சிக்னல் நன்றாக இருந்து, பிரிப்பதால் மட்டும் குறைகிறது என்றால், ஸ்ப்ளிட்டரும் பெருக்கியும் ஒன்றாகவே உள்ள விநியோகப் பூஸ்டரை வீட்டுக்குள் வைத்தால் போதும். டிவியின் பின்னால் கொண்டுபோய் வைப்பதில் பயன் மிகக் குறைவு.

கம்பத்துப் பூஸ்டருக்கு மின்சாரம் அதே கேபிள் வழியாகத்தான் மேலே போகும். அதை அனுப்பும் பவர் இன்சர்ட்டர் வீட்டுக்குள், ஸ்ப்ளிட்டருக்கு முன்னால் இருக்க வேண்டும். ஸ்ப்ளிட்டருக்குப் பின்னால் ஒரு டிவியின் அருகில் வைத்தால், சாதாரண ஸ்ப்ளிட்டர் அந்த மின்சாரத்தைத் தடுத்துவிடும். மின்சாரம் போகாத பூஸ்டர் சும்மா இருப்பதில்லை, வருகிற சிக்னலையும் மறித்துவிடும். வேறு வழியில்லை என்றால் டிசி பாஸ் அல்லது பவர் பாஸ் என்று குறித்த வாயில் உள்ள ஸ்ப்ளிட்டரை வாங்கி, இன்சர்ட்டரை அந்த வாயிலில்தான் மாட்ட வேண்டும். சில டிவிகளும் செட் டாப் பாக்ஸ்களும் ஆன்டெனாவுக்கு 5 வோல்ட் கொடுக்கும் வசதியோடு வருகின்றன. உங்கள் ஆன்டெனாவுக்கு அது தேவையில்லை என்றால் மெனுவில் அணைத்துவிடுங்கள்.

கோபுரம் அருகில் இருக்கும் வீட்டில் பூஸ்டர் போட்டால் எதிர்மாறாக நடக்கும். சிக்னல் அளவுக்கு மீறி டியூனர் திணறும், முன்பு வந்த சேனலும் போகும். பூஸ்டர் போட்ட பிறகு சேனல் குறைந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும், அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பல நாடுகளில் முன்பு டிவிக்கு இருந்த 700, 800 மெகாஹெர்ட்ஸ் பகுதிகள் இப்போது செல்போனுக்குப் போய்விட்டன. பக்கத்தில் செல்போன் கோபுரம் இருந்தால் அதன் அலையையும் பூஸ்டர் பெருக்கும். அதைத் தடுக்கும் வடிகட்டியைப் பூஸ்டருக்கு முன்னால் போட வேண்டும்.

டிஷ் ஆன்டெனாவுக்கு இதே ஸ்ப்ளிட்டரைப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. டிஷ்ஷிலிருந்து இறங்கும் சிக்னல் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கும். அதோடு ஒவ்வொரு ரிசீவரும் 13 அல்லது 18 வோல்ட் அனுப்பித் தனக்கு வேண்டிய அலைகளைக் கேட்கும். இரண்டு ரிசீவர் ஒரே கம்பியில் வேறு வேறு கேட்டால் டிஷ் எதைக் கொடுக்கும்? அதற்குப் பல வெளிவாயில் உள்ள எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலைப் பிடிக்கும் தலை) அல்லது ஒவ்வொரு ரிசீவர் கேட்பதையும் தனித்தனியாகக் கொடுக்கும் மல்டிசுவிட்ச் வேண்டும்.

ஒரு டிவி மட்டும் சரியாக வரவில்லையா?

எல்லா டிவியிலும் கோளாறு என்றால் ஸ்ப்ளிட்டருக்கு மேலே தேடுங்கள்: ஆன்டெனா, கூரைக் கனெக்டர், பூஸ்டரின் மின்சாரம். ஒன்றில் மட்டும் என்றால் ஸ்ப்ளிட்டரில் அதன் கேபிளையும் நன்றாக ஓடும் அறையின் கேபிளையும் இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறு வாயிலோடு நின்றுவிட்டால் ஸ்ப்ளிட்டர்தான் காரணம், கேபிளோடு போனால் கேபிள் அல்லது அந்த டிவி. கேபிள்மேல் சந்தேகம் என்றால் ஸ்ப்ளிட்டரை ஒதுக்கிவிட்டு, இருபுறமும் மரை உள்ள எஃப் ஜாயின்ட்டால் அந்தக் கேபிளை ஆன்டெனா கேபிளோடு நேராகச் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் படம் வரவில்லை என்றால் முதலில் இரண்டு முனைக் கனெக்டர்களையும் வெட்டிப் புதிதாகப் போடுங்கள்.

மழை பெய்தால் மட்டும் கோளாறு, வெயில் வந்தால் சரி என்றால் கூரையில் உள்ள கனெக்டருக்குள் நீர் இறங்குகிறது. கழற்றிப் பார்த்தால் நடுக்கம்பியைச் சுற்றிப் பச்சையாகப் படிந்திருக்கும், பின்னல் கறுத்திருக்கும். துடைத்துவிட்டு மாட்டினால் இரண்டு வாரம் ஓடும், அவ்வளவுதான். கறுத்த பின்னல் போய் பளபளக்கும் பின்னல் தெரியும்வரை கேபிளை வெட்டி, புதுக் கனெக்டர் போட்டு, அதன் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அப்படிச் சுற்றினால் மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் ஓடு போலக் கவிந்து, நீர் வழிந்து இறங்கிவிடும்.